மின்னஞ்சலுக்குப் பூட்டு: பைசா செலவில்லாத வழிகள்

திருமலை தரிசன டிக்கெட், ரயில் டிக்கெட், பி.எஃப்., பேங்க் கணக்கு என்று எதற்கும் இப்போது மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அதற்குள் புகுந்தவன் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தியே மற்றவற்றையும் திறந்துவிடலாம். நாராயணவனத்தில் நடந்த தன் கல்யாணத்துக்குச் சீனிவாசப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார் என்கிறது தலபுராணம். உங்கள் மின்னஞ்சலைக் காக்க நீங்கள் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

1. கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கு மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்ததே நெட் சென்டர்க்காரர்தான். பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், பின்னால் வரிசை. அவசரத்தில் தன் செல் நம்பரையே போட்டிருப்பார். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், சாவி அவரிடம் இருக்கக் கூடாது. செட்டிங்ஸில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

2. சிம்மை மாற்றினால் அன்றே மின்னஞ்சலிலும் எண்ணை மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடலாம். பிறகு உங்கள் ஓ.டி.பி. அவர் போனில்தான் மணி அடிக்கும்.

3. திருப்பதி, நாராயணவனம் பக்கத்தில் பத்மாவதி, கோவிந்தா, சீனிவாசா என்று வைத்து, பின்னால் 123 சேர்க்காத பாஸ்வேர்டு அபூர்வம். பக்தி சரி, பூட்டு சரியில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, தறி, மாடிப்படி, புதன் என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்!) நீளம்தான் பலம். மின்னஞ்சலின் பாஸ்வேர்டை வேறெங்கும் போடாதீர்கள். 2013-ல் யாஹூவில் மட்டும் 300 கோடிக் கணக்குகளின் விவரம் களவு போயிற்று. ஒரே சாவியை எல்லாக் கதவுக்கும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அதில் பெரிய ஆபத்து.

4. இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டு போட்ட பிறகும் இன்னொரு உறுதி கேட்பது) இன்றே போடுங்கள். கேட்டால் ஜிமெயில் அதோடு எட்டு இலக்கம் கொண்ட பத்து அவசரக் குறியீடுகளையும் தரும். ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். போன் தொலைந்தால் அவைதான் கைகொடுக்கும். தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். போட்டோ எடுத்து அதே போனில் வைத்தால் என்ன பயன்?

5. பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். அந்த பி.டி.எஃப்.பை மட்டும் கடையின் முகவரிக்கு அனுப்புங்கள். முன்பு எங்காவது திறந்து மூடாமல் வந்திருந்தால், உங்கள் போனிலேயே கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'சாதனங்கள்' பட்டியலைப் பார்த்து அதை வெளியேற்றலாம்.

6. தரிசன டிக்கெட், தங்கும் அறை என்று தேவஸ்தானத்தின் பெயரிலேயே போலித் தளங்கள் வருகின்றன. திருப்பதி தேவஸ்தானத்தின் அசல் முகவரி 'ஏ.பி.கவ்.இன்' என்று முடியும். மின்னஞ்சலில் வந்த லிங்க்கைத் தொட்டு எங்கும் பாஸ்வேர்டு போடாதீர்கள்.

7. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கடிதங்கள் கசியலாம். உள்ளே வந்தவன் உங்களுக்கு வருவதெல்லாம் தனக்கும் போகும்படி 'ஃபார்வர்டிங்' அல்லது 'ஃபில்டர்' போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பலர் பார்க்காமல் விடும் இடம் இதுதான்.

8. பழைய கணக்கை அவ்வப்போது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டு தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம்.

9. கணக்கு கைவிட்டுப் போனால், வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்தே மீட்க முயலுங்கள். கூகுள் எளிதில் நம்பும். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.