நூற்குறிப்பு அறுவடை

நூலைத் தேடுவோர் முதலில் தேடுவது நூலை அன்று, நூற்குறிப்பையே. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு முதலிய இக்குறிப்புகளை மெட்டாடேட்டா என்பர். பல மின்னூலகங்களின் குறிப்புகளைக் கணினி ஓரிடத்தில் திரட்டுவதே அறுவடை. நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கான பொதுநெறி 2001-இல் வெளியாயிற்று. 15 கூறுகள் கொண்ட டப்ளின் கோர் அமைப்பில் குறிப்பைத் தருதல் அதன் அடிப்படை விதி.

நம் ஐதராபாத்து டிரிபிள் ஐடி பங்குகொண்ட இந்திய மின்னூலகத் திட்டத்தில் இலட்சக்கணக்கான நூல்கள் மின்வடிவம் பெற்றன. ஆனால் தமிழ்த் தலைப்புகள் பல உரோமன் எழுத்தில் பிழைபடப் பதிவாயின. வழி, வளி, வலி மூன்றும் ஒன்றாகிவிடின் ஆராய்ச்சியாளர் எதைக் கண்டெடுப்பார்? அறுவடை இயந்திரம் பிழையைத் திருத்தாது. அப்படியே அள்ளி வரும். பதரை விதைத்து நெல்லை அறுக்க இயலுமோ? நண்பர்களே, தமிழ் நூற்குறிப்பைத் தமிழெழுத்திலேயே பிழையறப் பதியப் பழகுவோம்.