வேட்டியின் வெண்மையும் முகத்தின் நிறமும்: ஃபிளாஷ் ஒளியை அளக்கும் வழிகளுள் எதைத் தேர்வது?

ஃபிளாஷ் கொண்டு எடுக்கப்படும் எந்தப் படத்திலும் இரண்டு ஒளிகள் சேர்ந்து பதிவாகின்றன: வெயில், மின்விளக்கு என அவ்விடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒளி ஒன்று, ஃபிளாஷ் உமிழும் ஒளி மற்றொன்று. எக்ஸ்போஷர், அதாவது சென்சார்மீது விழும் ஒளியின் மொத்த அளவு, இவ்விரண்டுக்கும் தனித்தனியே முடிவு செய்யப்பட வேண்டும். ஃபிளாஷின் வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறுகிய கணத்தில், குறைந்த திறனில் 1/20,000 விநாடி அளவிலேயேகூட, முடிந்துவிடுவதால், ஷட்டரை 1/60இல் வைத்தாலும் 1/200இல் வைத்தாலும் ஃபிளாஷால் விழும் ஒளி மாறுவதில்லை. மாறுவது சுற்றுப்புற ஒளி மட்டுமே. ஃபிளாஷின் அளவைத் தீர்மானிப்பவை லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ, ஃபிளாஷின் திறன், ஃபிளாஷுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரம் ஆகிய நான்கும் ஆகும். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மற்ற மூன்றும் கருவியில் வைத்தபடியே நிற்கும். தூரம் மட்டுமே ஆட்கள் நகர நகர மாறிக்கொண்டிருக்கும் என்பதால், எந்த அளவீட்டு முறையைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அதிலேயே கிடைக்கிறது.

முறைகள் மூன்று. ஃபிளாஷின் திறனை முழு அளவு, பாதி, கால், பதினாறில் ஒன்று எனப் படம் எடுப்பவரே நிர்ணயிப்பது மேனுவல். ஃபிளாஷின் முகப்பில் உள்ள உணர்வான், ஆள்மீது பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்டு போதிய அளவு வந்ததும் வெளிச்சத்தைத் துண்டிப்பது ஆட்டோ; இது 1960களின் நடுவில் சந்தைக்கு வந்தது. லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கேமராவே அளப்பது டிடிஎல். 1975இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ஃபிலிமின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து ஃபிளாஷை நிறுத்தியது. கேனான் 1995இல் கொண்டுவந்த இ-டிடிஎல் முறையிலும் அதன் பின் வந்தவற்றிலும், ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன் ஒரு மெல்லிய முன்வெட்டு வெளிப்பட்டு, அதன் பிரதிபலிப்பைக் கொண்டு முதன்மை வெட்டின் திறன் கணக்கிடப்படுகிறது.

ஆட்டோவும் டிடிஎல்லும் ஒரே அனுமானத்தின்மேல் கட்டப்பட்டவை: எதிரே இருக்கும் காட்சி, சராசரியில், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்பது அது. இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில் உள்ள கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம் பகுதிகளில் இந்த அனுமானம் பொய்க்காத நாள் அரிது. வெள்ளை வேட்டியும் சட்டையும் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்க முனைந்து திறனைக் குறைக்கிறது. வெயிலில் கறுத்த முகம் அதனுடன் சேர்ந்து இருளில் அமிழ்கிறது. இரவில் பொட்டல் வெளியின் முன் ஒருவர் தனியே நின்றால் கேமரா அந்தக் கருமையைச் சாம்பலாக்க முனைந்து திறனைக் கூட்டுகிறது, முகம் வெளிறிப்போகிறது. இந்தப் பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி அட்டை’களில் பல பத்தாண்டுகள் வெள்ளை இனப் பெண்ணின் படமே இருந்தது, கருத்த தோலின் நிறம் அளவுகோலுக்கு வெளியே விடப்பட்டது. இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டறிவதாலும் குவியப் புள்ளிக்கு முதன்மை தருவதாலும் பிழை குறைந்துள்ளதே தவிர நீங்கிவிடவில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரின் முகம் அவருடைய நிறத்திலேயே, வெளுக்காமலும் கருகாமலும், பதிவாக வேண்டும் என்பதே இவ்வழிகாட்டி எல்லா முறைகளையும் எடைபோடும் அளவுகோல்.

திருமணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றின் மேடைப் படங்களுக்கு மேனுவலே சிறந்தது. மேடையில் ஆட்கள் நிற்கும் இடமும் படம் எடுப்பவர் நிற்கும் இடமும் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் ஆடையின் நிறம்தான். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைச் சட்டையோடு ஏறினாலும், அடுத்து கருநீலப் பட்டுச் சேலைகள் ஏறினாலும், மேனுவலில் வைத்த ஒளி மாறாது. முகங்களும் படத்துக்குப் படம் ஒரே சீராக அமையும். திறனைக் கணக்கிடக் கைடு நம்பர் உதவும். முழுத் திறனில் எத்தனை மீட்டர் தூரத்துக்கு எந்த அப்பர்ச்சர் பொருந்தும் என்பதைப் பெருக்குத்தொகையாகச் சொல்லும் எண் அது. ஐஎஸ்ஓ 100இல் கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 400இல் 72 ஆகும், திறனைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால் 18 ஆகும், அதை எஃப்/5.6ஆல் வகுத்தால் 3.2 மீட்டர் கிடைக்கும். மாலை மாற்றும் இருவரை எடுக்க அந்தத் தூரம் போதும். உறவினர் வரிசை நீண்டதால் 4.5 மீட்டருக்குப் பின்வாங்க நேர்ந்தால், திறனை எட்டில் ஒன்றாக உயர்த்த வேண்டும். அதாவது ஒரு ஸ்டாப், ஒளியை இருமடங்காக்கும் ஒரு படி. ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பி ஒளியைத் தெறிக்கவிடும் பவுன்ஸ் முறை கல்யாண மண்டபத்தின் வெள்ளைக் கூரைக்கு ஏற்றது. இரண்டு முதல் மூன்று ஸ்டாப் ஒளி வீணானாலும் நிழல் மென்மையாகும். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிய பந்தலில் அதே முறையைக் கையாண்டால் மணமகளின் முகத்தில் பந்தலின் நிறம் ஏறிவிடும். ஓலைப் பந்தலில் தெறிப்பதற்கே எதுவும் இராது.

மாப்பிள்ளை அழைப்பு, முளைப்பாரி ஊர்வலம் போன்றவற்றில் நிலைமை தலைகீழாகிறது. ஆள் நெருங்குவதும் விலகுவதுமாக இருக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் திறனை மாற்றிக்கொண்டிருக்க இயலாது என்பதால், இங்கே டிடிஎல்லின் பக்கமே சாய வேண்டும். ஆனால் அதன் முடிவை அப்படியே ஏற்காமல் காம்பன்சேஷன் எனப்படும் திருத்தத்துடன் பயன்படுத்த வேண்டும். வெள்ளை ஆடை சட்டத்தை நிறைத்தால் கூட்டல் 1, இருளின் நடுவே சிறிய உருவமானால் கழித்தல் 1 என்பது நல்ல தொடக்கம். முகத்தை மட்டும் அளந்து அந்தத் திறனைப் பூட்டிவைக்கும் வசதி (கேனானில் எஃப்இ லாக், நிக்கானில் எஃப்வி லாக்) இதைவிடத் துல்லியமானது. டிடிஎல்லில் கவனிக்க வேண்டிய குறை இன்னொன்றும் உண்டு: மேடையின் ஓரத்தில் ஒளிகண்டு தானே வெட்டும் ஸ்லேவ் ஃபிளாஷ் வைத்திருந்தால், அது முன்வெட்டைக் கண்டே வெட்டிவிட்டு, படம் பதிவாகும் கணத்தில் இருண்டிருக்கும். ரேடியோ டிரிகர் கொண்டு இணைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

மிகுந்த யோசனை தேவைப்படும் இடம் உப்பளம். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் – வாலிநோக்கம் உப்பளம் இக்கரையில்தான் உள்ளது. நண்பகலில் ஐஎஸ்ஓ 100இல், ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப்/11 அளவுக்கு மூட வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் தலைத்துண்டின் கீழ் கண்குழிகள் கருத்துவிடும். அவற்றைத் திறக்கவே ஃபிளாஷ் தேவைப்படுகிறது. இங்கு ஒன்றை உற்று நோக்க வேண்டும். பாத்தியின் உப்பும் வரப்போரம் குவித்த அம்பாரமும் வெயிலைக் கீழிருந்து மேலே திருப்புவதால், தாடையின் அடிப்பகுதியும் மூக்கின் கீழ்ப்புறமும் ஏற்கெனவே ஒளி பெற்றிருக்கும். புருவத்தின் கீழே மட்டுமே நிழல் தங்கியிருக்கும். ஆகவே கரிசல் காட்டில் நிற்பவருக்குத் தேவைப்படும் நிரப்பொளி இங்கே மிகை. வெயிலைவிட இரண்டு ஸ்டாப் குறைவான ஃபிளாஷே போதும். அதற்கு மேல் கூட்டினால் வியர்வை மினுங்கி, வெயிலில் எடுத்த படம் ஸ்டூடியோவில் எடுத்தது போலாகிவிடும்.

பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8க்குத் திறக்க விரும்புவோருக்கு இரு வழிகள் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250க்கு மேல் விரைந்தால் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திராது என்பதால், சாதாரண ஃபிளாஷ் படத்தின் ஒரு பட்டையை மட்டுமே ஒளியூட்டும். அந்த எல்லையே சிங்க் வேகம். ஃபிளாஷைத் தொடர்ந்து துடிக்கவைத்து எல்லையைக் கடப்பது ஹைஸ்பீட் சிங்க். சிங்க் எல்லைக்குள்ளேயே நின்று, லென்ஸின் முன் கருங்கண்ணாடி போன்ற என்டி ஃபில்டரை மாட்டி வெயிலையும் ஃபிளாஷையும் ஒருசேரக் குறைப்பது மற்றது. 1/200, எஃப்/11இல் முழுத் திறனில் வெயிலுக்குச் சமமாக 3.3 மீட்டர் எட்டும் ஃபிளாஷ், நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டருடன் எஃப்/2.8க்குத் திறந்தாலும் அதே தூரத்தை எட்டும். ஹைஸ்பீட் சிங்கில் 1/3200, எஃப்/2.8 என வைத்தால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் இழப்பு நேர்ந்து, எட்டும் தூரம் பாதியாகும்; ஃபிளாஷும் விரைவில் சூடேறும். நின்று பார்ப்பவரை எடுக்க என்டி ஃபில்டர் சிறந்தது. மரப்பலகையால் உப்பு வாரும் கைகளின் வேகத்தை நிறுத்திப் பிடிக்க ஹைஸ்பீட் சிங்க் உதவும். குடை, சாஃப்ட்பாக்ஸ் இரண்டுமே கடற்காற்றில் பாய்மரமாகிவிடும் என்பதால் கையில் பிடிக்கத் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் அவற்றைக் கொண்டுசெல்வது வீண்.

கோயில் கொடையின் இரவில் வண்ண விளக்குகளும் தீப்பந்தமும் படத்தில் நிலைக்க வேண்டுமானால் ஷட்டரை 1/15 அல்லது 1/30 வரை தாழ்த்தி, ஐஎஸ்ஓவை 1600 அளவுக்கு உயர்த்தி, ஆளை மட்டும் ஃபிளாஷால் பிடிக்கலாம். ஷட்டர் மூடும் தறுவாயில் ஃபிளாஷ் வெட்டும் ரியர் கர்ட்டன் முறையில், கரகம் ஆடுபவரின் அசைவு அவருக்குப் பின்னால் கோடாக நீளும்; வழக்கமான முறையில் அது முன்னால் நீண்டு, அவர் பின்னோக்கி நகர்வது போல் தோன்றும். ஃபிளாஷின் வெண்ணொளி மஞ்சள் விளக்குகளோடு பொருந்தாது என்பதால் அதன் முகப்பில் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டுவது நலம்.

மூக்கையூரில் விடியுமுன் கரையேறும் மீனை எடுப்பவருக்கு அளவைவிடக் கோணமே முக்கியம்: கேமராவின் மேலிருந்து நேரே வெட்டும் ஒளி, சாளையின் ஈரச் செதிலில் பட்டுக் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவரும், எந்த முறையில் அளந்தாலும் அந்த வெண்புள்ளிகளில் விவரம் மீளாது. ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தால் செதிலின் நிறம் தெரியும். 1998இல் அறிவிக்கப்பட்ட மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தில் ஃபிளாஷுக்கு இடமே இல்லை. கூடு காக்கும் பறவையைக் கலைக்க எந்தப் படத்துக்கும் உரிமை கிடையாது.

வாங்கும்போது, பெரும்பாலும் மேடை வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு, விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ் இரண்டும் ரேடியோ டிரிகரும் விலை உயர்ந்த ஒரு டிடிஎல் ஃபிளாஷைவிட அதிகம் பயன்படும். ஊர்வலமும் செய்திப் படமும் எடுப்பவர் டிடிஎல்லையே முதலில் வாங்க வேண்டும். ஆட்டோ ஃபிளாஷ்களைப் பழைய பொருளாக மலிவாக வாங்குவோர், அவற்றுள் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் இன்றைய கேமராவின் தலையில் மாட்டக் கூடாது.