தொட்டிக் கள்ளி: முதுமையும் வியாதியும்

பல்லாண்டு தொட்டியில் வளர்ந்த கள்ளியின் அடிப்பாகம் பழுப்பேறிக் கட்டைபோல் இறுகுவது வியாதியன்று; முதுமையே. அதைக் கண்டு அஞ்சி மிகுதியாகத் தண்ணீர் விடுவதுதான் கேடு. விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கெட்டியாயிருப்பின் கவலையில்லை, குழைந்து நாற்றம் வீசினால் அழுகலாம். அப்போது, பழுப்புக் கறையற்ற உட்சதை தெரியுமட்டும் மேலே மேலே அறுத்து, மேல் துண்டை நிழலில் பத்து நாள் உலர்த்தி, மணல் மிகுந்த மண்ணில் நடவேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதச் சாரலின்போது தொட்டியைத் தாழ்வாரத்தில் வைப்பது நலம்.

சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சுபோல் ஒட்டியிருப்பதை நசுக்கினால் செந்நீர் வருமாயின், அது கோச்சினீல் பூச்சி. 1926-இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டு, சென்னை மாகாணத்துச் சப்பாத்திக்கள்ளிப் புதர்களை அழித்ததும் இவ்வினமே. தரிசு நிலத்தை மீட்க உதவிய இப்பூச்சி தொட்டிக்கு ஆகாது. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்தொட்டியை மற்றவற்றினின்று விலக்கி வைக்கவேண்டும்.