மறுத்ததைச் சொல்லிவிட்டே கேள்

அன்பு மாணவிக்கு,

பழைய நிறுவனம் கார் காப்பீட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டதே, இனி என்ன செய்வது என்ற உன் கேள்வியைவிட, உன் ஏஜென்ட் சொன்னதாக நீ எழுதியிருந்த யோசனைதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. "ரினியூ பண்ண மாட்டேன்னு சொன்னதை வெளியில சொல்லாதீங்க மேடம், வேற கம்பெனில புதுசா போட்ட மாதிரி போட்டுடலாம்." இந்த யோசனையை இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்காதே. ஏன் என்று சொல்வதற்கு முன் அவசர வேலை ஒன்றை முடித்துவிடுவோம்.

உன்னுடைய ஃபுல் கவர் பாலிசி ஒரே தாளில் அச்சிட்ட இரண்டு ஒப்பந்தங்கள். அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு ஒன்று, உன் காருக்கு ஆகும் சேதத்துக்கு இன்னொன்று. நிறுவனம் தன் விருப்பப்படி மறுக்கக்கூடியது இரண்டாவதை மட்டுமே. முதலாவதான தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிப்பதால் கடைக்குக் கடை விலை மாறாது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில் 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், வரி தனி. பழைய பாலிசி முடிகிற தேதிக்குள் இதை வாங்கிவிடு. யாராவது தர மறுத்தால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் எழுது. காப்பீடு இல்லாமல் காரை வெளியில் எடுத்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உன் காருக்கான காப்பீட்டை அதன் பிறகு நிதானமாகத் தேடலாம். 2019 செப்டம்பரிலிருந்து அதைத் தனி பாலிசியாக வேறொரு நிறுவனத்திடம் வாங்கவும் வழியிருக்கிறது.

இனி ஏஜென்ட் விஷயம். புது நிறுவனம் தரும் புரொபோசல் படிவத்தைப் பொறுமையாகப் படி. பழைய பாலிசி எண், வாங்கிய கிளெய்ம்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வரும். இதற்கு முன் எந்த நிறுவனமாவது காப்பீடு தர மறுத்ததா, ரத்து செய்ததா, புதுப்பிக்க மறுத்ததா என்றும் ஒரு கேள்வி இருக்கும். பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். சில ஏஜென்ட்டுகள் நம்மைக் கேட்காமலே 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவது நீ. ஆகவே பொய்யும் உன்னுடையதுதான்.

கார்ட்டர் – போம் என்ற பழைய ஆங்கிலேயக் காப்பீட்டு வழக்கை வகுப்பில் படித்திருக்கிறாய். 'எதையும் மறைக்காமல் சொல்' என்ற விதிக்கு ஆதாரமாகப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தும் போயிருப்பாய். நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுமத்ரா தீவின் பென்கூலனில் இருந்த ஆங்கிலேயக் கோட்டையின் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர். எதிரிகள் கோட்டையைப் பிடித்தால் தனக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று 1760இல் சகோதரர் மூலமாக லண்டனில் காப்பீடு எடுத்தார். அந்த ஆண்டிலேயே பிரெஞ்சுக் கடற்படை கோட்டையைப் பிடித்துவிட்டது. பிடித்த தளபதி தெஸ்தேங், 1758 டிசம்பரில் நம் சென்னை முற்றுகையின்போது ஆங்கிலேயரிடம் சிக்கி விடுதலையானவர். சென்னைக்காரர்கள் அந்தப் பெயரை மறக்கலாமா? கோட்டை பலவீனமானது என்பதை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்பீடு கொடுத்த போம் பணம் தர மறுத்தார். 1766இல் தீர்ப்பு வந்தது. எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்: வென்றவர் கார்ட்டர். சொல்லாமல் விட்டவர்தான் வென்றார்!

காரணத்தைக் கவனி. கோட்டையின் ஆளுநரே தன் கோட்டைக்குக் காப்பீடு கேட்கிறார், அதன் நிலைமையை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இது தெரிந்திருந்தும் போம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார். கேட்காமல் பொறுப்பேற்றவர் பின்னால் வந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது என்றார் நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு. கடமை இரு தரப்புக்கும் உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதைக் காப்பீடு எடுப்பவரின் தலையில் மட்டும் சுமத்தும் பாடநூல்களை எனக்குப் பிடிக்காது.

கார்ட்டருக்குக் கிடைத்த அந்த வாதம் உனக்குக் கிடைக்காது. உன்னிடம் எழுத்திலேயே கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டால், பின்னால் விபத்து நடக்கும்போது பழைய நிறுவனத்திடம் ஒரு விசாரணை போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். உன் கார் கிளெய்ம் போவதோடு இது நிற்காது. முக்கியமான விவரத்தை மறைத்தோ பொய் சொல்லியோ பெற்ற பாலிசி செல்லாது என்று வாதாட மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு நிறுவனத்துக்கு இடம் தருகிறது. உன் காரில் அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய லட்சங்கள் உன் தலையில் விழும் அபாயமும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. 'சின்ன டிக்தானே மேடம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு.

'ஆம்' என்று எழுதினால் யார் தருவார்கள் என்று கேட்பாய். தருவார்கள். புதுப்பிக்க மறுத்த காரணத்தை முதலில் பழைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கு. உன் இரண்டு கிளெய்ம்களில் பெரியது 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வேளச்சேரியில் நின்ற காருக்கானது. நீ கண்மண் தெரியாமல் ஓட்டியதால் வந்ததில்லை அது. எஞ்சின் வேலை பார்த்த பில்லையும், இப்போது கார் நிற்கும் இடத்தின் படத்தையும் படிவத்தோடு இணை. கணினித் திரை 'முடியாது' என்று சொன்ன இடத்தில் மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கு இணையதளத்தைவிடக் கிளை அலுவலகம் நல்லது. நான்கு பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. சேதத்தில் முதல் 7,500 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று நீயாகவே முன்வரவும் பாலிசியில் வழியுண்டு. பிரீமியமும் குறையும், சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட மாட்டாய் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு வரும். ஐந்து வயது தாண்டிய காருக்கு மதிப்பை நீயும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அதை ஏற்றிக் கேட்காதே. கிளெய்ம் வாங்கியதால், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குத் தரும் என்.சி.பி. கழிவு உனக்கு இப்போது கிடையாது. யாராவது 20 சதவீதம் என்று போட்டிருந்தால் அடித்துத் திருத்து.

கடைசியாக ஒன்று. காரை நேரில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும்படி நீயே கேள், அவர்கள் வேண்டாம் என்றாலும் கேள். பம்பர் நசுங்கலையும் கதவுக் கீறலையும் பார்த்துவிட்டுப் பாலிசி கொடுத்த நிறுவனம், நாளைக்கு 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. கார்ட்டருக்குத் தற்செயலாய் அமைந்த பாதுகாப்பை நீ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாலிசி தேதி முடிய இன்னும் நாளிருக்கும்போதே கிளம்பு. நிரப்பிய படிவத்தின் நகலை எனக்கும் ஒன்று அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்