காதைப் பொத்திக்கொள்ளுதல்



அரசர் முதல் நூல், 22-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யுத்தத்துக்குப் போகலாமா என்று ஆகாப் அரசன் கேட்கிறான். ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலாய்ப் போகலாம் என்கிறார்கள். இன்னும் ஒருவர் உண்டு, மிக்கேயாஸ். அவர் தனக்கு நல்லதே சொல்வதில்லை என்று அரசனுக்கு அவர்மேல் வெறுப்பு. அவர் பொய்யர் என்று அவன் சொல்லவில்லை, கவனியுங்கள். பிடிக்காது, அவ்வளவே. அவரைச் சிறையில் வைக்கச் சொல்லிவிட்டு யுத்தத்துக்குப் போனான். அம்பு பட்டு மாண்டான்.

இந்த நோய் நம் பாலாற்றங்கரையிலும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் தோல் தொழில் சோறு போடுகிறது. அதன் கழிவுநீரைப்பற்றி 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அசுத்தம் செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்றது. 2025 ஜனவரி 30-லும் அதே நீதிமன்றம் இதே காரியத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நம் தெருக்களில் பேச்சு எப்படி? கிணறு கெட்டது என்று ஒருவர் சொன்னால், "இவரை யார் தூண்டிவிட்டார்கள்?" என்று கேட்கிறோம். தண்ணீரைப்பற்றிய கேள்விக்கு ஆளைப்பற்றிய பதில்! காதைப் பொத்த இதைவிட நல்ல பஞ்சு கிடையாது. மறுபக்கமும் சுத்தமல்ல. ஷாப்பை மூடினால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது என்று தொழிலாளி கேட்டால், "முதலாளியின் ஆள்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சிறு முதலாளி கட்டும் பணத்தின் கணக்கையும் யாரும் கேட்பதில்லை. இருதரப்பாரும் ஞாயிறு பூசையில் ஒரே பெஞ்சியில்தான் உட்காருகிறார்கள்.

திருச்சபை இதை அறியாததல்ல. அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுக்குமுன், அதற்கு விரோதமாய் வாதாடவே ஓர் அதிகாரியைப் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587-ல் ஏற்படுத்தினார். ஜனங்கள் அவருக்கு இட்ட பெயர், பசாசின் வழக்கறிஞர்! (1983-ல் அந்த முறை மாற்றப்பட்டது.) ஆனால் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றையும் அதே திருச்சபை 1559 முதல் 1966 வரை வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

அர்ச். அக்குவினாஸ் தோமையாரின் முறை வீட்டுக்கும் உதவும். தம் முடிவைச் சொல்லுமுன் எதிர்வாதங்களை வரிசையாய் எழுதிவைப்பார். இந்த வாரம் ஷாப்பில் வேலை செய்பவர் தமக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் கிணற்றடிக்குப் போகட்டும். விவசாயி ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்குப் போகட்டும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லட்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகே பதிலை ஆரம்பிக்கலாம்.