மாறும் வேலையும் மாறாத சேமிப்பும்

உழைக்கும் காலத்தில் உண்பதற்கு வழியுண்டு. உடல் ஓய்ந்த காலத்தில் என் செய்வது? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. 1951 நவம்பர் 15-ஆம் நாள் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-இல் நாடாளுமன்றச் சட்டமாக உருப்பெற்றது. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கே உரியதாயிருந்து, பின்னர் பல துறைகளுக்கும் விரிந்தது. மக்கள் நாவில் இதற்குப் பெயர் ‘பி.எப்.’.

நான் வாழும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே மறைமலைநகர், தெற்கே மகிந்திரா சிட்டி, திருப்பெரும்புதூர் சாலையில் ஒரகடம் என எப்பக்கமும் தொழிற்சாலைகள். விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அண்ணன்மார் பலர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஓராண்டு, ஈராண்டில் வேறிடம் செல்கின்றனர். வேலையை விட்டதும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “பி.எப். பணத்தை எப்போது எடுக்கலாம்?” என்பதே. அவ்வாறு எடுப்பதால் இழப்பது எவ்வளவு என்பதை வணிகவியல் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுக் காட்ட விரும்புகிறேன்.

ஒருவருடைய அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ரூ.15,000 என்று கொள்வோம். அவர் பங்கு 12 விழுக்காடு, அதாவது ரூ.1,800. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அதில் 8.33 விழுக்காடான ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்ல, எஞ்சிய ரூ.550 சேமிப்பில் சேர்கிறது. ஆக, மாதம் ரூ.2,350. 2024-25-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் இருப்பு ஏறத்தாழ ரூ.60,000 ஆகும்.

இவ்வட்டி நீடித்தால் பணம் சுமார் ஒன்பது ஆண்டுகளில் இரட்டிக்கும். 22 வயதில் விட்டுவைத்த அறுபதாயிரம், 58 வயதுக்குள் நான்கு முறை இரட்டித்து ஒன்பதரை இலட்சத்தைத் தாண்டும்! வட்டி ஆண்டுதோறும் மாறக்கூடியது. 1990-களில் 12 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 8.1 ஆகக் குறைந்தது. எனினும் காலமே இங்குப் பெருமுதல் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது இழப்பு ஓய்வூதியம். 1995-ஆம் ஆண்டுத் திட்டப்படி, மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். இந்தப் பத்தாண்டு ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. ஐந்து ஆலைகளில் இரண்டிரண்டு ஆண்டுகளாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பங்கை வாங்கிக்கொண்டால், பணிக்கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்தே தொடங்கும். மூன்றாவதாக, ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைவதற்குள் சேமிப்பை எடுத்தால் அது வருமான வரிக்கு உட்படலாம். கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டாலோ, பழைய பணிக்காலமும் அந்த ஐந்தாண்டில் சேரும்.

ஆதலால், வேலை மாறும்போது செய்யத்தக்கவை இவை:

1. 12 இலக்க யூ.ஏ.என். எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. புதிய இடத்தில் அதையே கொடுக்க வேண்டும்.
2. பழைய கணக்கின் இருப்பு புதிய கணக்கில் வந்து சேர்ந்ததா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும்.
3. சம்பளச் சீட்டில் பிடித்த தொகை மாதந்தோறும் கணக்கில் ஏறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.
4. பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருத்தல் நலம். ஓரெழுத்துப் பிழையும் பின்னாளில் அலைய வைக்கும்.
5. வாரிசு நியமனம் செய்ய வேண்டும். பணியிலிருக்கும்போது உறுப்பினர் இறந்தால், இத்துடன் இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு ரூ.7 இலட்சம் வரை கிடைக்க வழியுண்டு.

“வேலையின்றி இருப்பவன் வயிற்றுக்கு என்ன செய்வான்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மருத்துவம், திருமணம், வீடு போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதியை எடுக்க விதிகள் இடந்தருகின்றன. தேவைக்கு எடுப்பதை நான் குறை கூறவில்லை. செல்போனுக்கும் வண்டிக்கும் முழுக்கணக்கையும் முடிப்பதையே வேண்டாமென்கிறேன். 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழுவும், செலுத்திய தொகையில் 25 விழுக்காடு கணக்கிலேயே இருக்க வேண்டுமென முடிவு செய்தது. சட்டம் சொல்லும் முன்னரே நாம் அதனை உணர்ந்தால் நன்று.

சிறுதுளி பெருவெள்ளம் என்பர். துளி விழுந்தால் மட்டும் போதாது. ஏரிக்கரையும் உடையாமல் இருக்க வேண்டும். நாளை வேலைக்குச் செல்லவிருக்கும் நாம், முதல் சம்பளத்திலிருந்தே அக்கரையைக் காப்போமாக!