மூடிய பெட்டியில் பழைய நாணயம்: முதல் போடலாமா?

துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, கல், வண்டு, ஈரம் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அப்படிப்பட்ட நாமே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிக்குப் பணம் கொடுக்கலாமா?

"மர்ம நாணயப் பெட்டி" என்று ஒரு சரக்கு சுற்றுக்கு வந்திருக்கிறது. ஒட்டிய பெட்டிக்குள் பழைய நாணயங்கள் இருக்குமாம். அதிர்ஷ்டம் இருந்தால் அரிய நாணயமும் கிடைக்குமாம். நம் உறுப்பினர் ஒருவர், பெட்டி 500 ரூபாய் வீதம் 40 பெட்டி எடுத்து 650க்கு விற்கலாம் என்று எண்ணி, தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த 20,000 ரூபாயைக் கொடுக்க இருந்தார். அதற்கு முன் மாதிரிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். அதிலிருந்து கற்ற பாடமே இக்கட்டுரை.

முதலில் கணக்கு

உதாரணத்துக்கு 100 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 5,000 ரூபாய் பெறும் நாணயம். ஒன்பதில் தலா 1,000 ரூபாய்ச் சரக்கு. மீதி 90 பெட்டியில் தலா 100 ரூபாய்ச் சரக்கு. மொத்தச் சரக்கு 23,000 ரூபாய். வசூல் 50,000 ரூபாய். சராசரியாக 230 ரூபாய்ச் சரக்குக்கு 500 கொடுக்கிறோம். அதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கையில் கிடைப்பது 100 ரூபாய்ச் சரக்கே. விளம்பரத்தில் காட்டுவதோ அந்த ஒரு நாணயத்தை! பெட்டி கட்டுகிறவர் நாணயம் அறிந்தவர். நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தைக் கட்டுவார் என்பதை மறந்துவிடலாகாது.

பெட்டிக்குள் இருந்தவை

1. 25 பைசா, 10 பைசா நாணயங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை. செல்லாதது எல்லாம் அரியது ஆகிவிடாது. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை இவை.

2. ராமர் உருவமும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் பொறித்த செம்புக் காசு. கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. பக்தர்களுக்காகவும் ஏமாறுவோருக்காகவும் பிற்காலத்தில் அடிக்கப்பட்ட வில்லை அது.

3. "வெள்ளி ரூபாய்" ஒன்று. ஆண்டு 1944. இங்கேதான் கவனம் வேண்டும். 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 100க்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் எடை அதுவே, வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை; அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். மூன்றையும் "பழைய ரூபாய்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள்.

சட்டமும் உண்டு

நாம் கட்டாத பெட்டி என்று சொல்லித் தப்ப முடியாது. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, கட்டியவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பல பொருள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் அளவும் வேண்டும். மர்மம் என்று எழுதினால் போதாது. மேலும், 100 ஆண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் பெற வேண்டும்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரும் உண்டு. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

ஆசை இருந்தால் வழி

நாணயம் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அரசு நாணயச் சாலைகள் நினைவு நாணயத் தொகுப்புகளை, உள்ளே இருப்பது இன்னது, விலை இவ்வளவு என்று சொல்லியே விற்கின்றன. பழைய நாணயம் வேண்டுமானால் கையில் வாங்கி, ஆண்டு பார்த்து, எடை போட்டு, ரசீதுடன் வாங்குங்கள். நம் கல்லாவிலேயே பாடம் இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறி இல்லையென்றால் கொல்கத்தா. செலவில்லாமல் கண் பழகும்.

நம் உறுப்பினரின் 20,000 ரூபாய் சர்க்கரை, மைதா, எண்ணெய் என்று சரக்காக மாறியது. அதைவிடப் பெரிது, மாதக் கணக்கு வைத்து நம்பி வாங்குகிற வாடிக்கையாளர் கையில் அந்தப் பெட்டியை அவர் கொடுக்கவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். அளக்க முடியாத சரக்கை வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.